வைரஸ் நீங்கிய பிறகும் திறக்க மறுக்கும் கோப்புகள்: வீட்டுக் கணினிக்கான மீட்பு வழிகள்

வைரஸ் நீக்கப்பட்டது என்று ஆன்டிவைரஸ் அறிவித்த பிறகும் கோப்புறைகள் ஷார்ட்கட்டுகளாகவே நிற்பதும், ஒரு கோப்பை அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்று விண்டோஸ் மறுப்பதும், புகைப்படங்கள் திறக்காமல் போவதும் வீட்டுக் கணினிகளில் அடிக்கடி நடக்கின்றன. ஆன்டிவைரஸின் வேலை தீநிரலை அகற்றுவதோடு முடிந்துவிடுகிறது. அந்தத் தீநிரல் கோப்புகளின் பண்புகளிலும், உரிமைகளிலும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் செய்து வைத்த மாற்றங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அவற்றை நாம்தான் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும்.

நம் குமரி மாவட்டத்து வீடுகளில் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், இதில் ஏன் இவ்வளவு கவனம் தேவை என்பது விளங்கும். வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவருடைய பாஸ்போர்ட் நகலும் சான்றொப்பம் பெற்ற சான்றிதழ்களும், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், கல்யாண வீடியோ, மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1க்கு முந்தைய திருவிதாங்கூர் காலத்து மலையாளப் பத்திரங்களின் ஸ்கேன் என்று பலவும் ஒரே டிரைவில் கிடக்கும். அந்தப் பத்திரங்களில் சிலவற்றின் காகிதமே இன்று தொட்டால் உதிரும் நிலையில் இருக்கிறது. இப்படிப்பட்ட கணினியைக் கடைக்குக் கொண்டு போனதும், ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்ற பதில் வந்தால், உடனே சம்மதிக்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஃபார்மட்டுக்குப் பிறகும் ஓரளவு மீட்பு சாத்தியம். சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி உள்ள கணினியிலோ, டிரிம் என்ற ஏற்பாடு அழிக்கப்பட்ட இடத்தைச் சற்று நேரத்திலேயே வெறுமையாக்கிவிடுவதால், ஃபார்மட் ஆன கோப்புகள் மீண்டும் கிடைப்பது மிக அரிது. திறக்காத கோப்புகளில் பெரும்பகுதி உண்மையில் அழிந்திருப்பதில்லை. அவை மறைக்கப்பட்டோ, பூட்டப்பட்டோ, உரிமை மாற்றப்பட்டோ கிடக்கின்றன. எந்த வகைச் சிக்கல் என்று கண்டுகொள்வதே முதல் வேலை.

தொடங்கும் முன்

உங்கள் கண்ணெதிரே கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தால், வேறு எதையும் யோசிக்காமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்துவிடுங்கள். அந்த அவசரம் இல்லாதபோது, விண்டோஸ் டிஃபெண்டரின் வைரஸ் வரையறைகளை ஒருமுறை புதுப்பித்துவிட்டு இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்குள் ஸ்கேன் ஆப்ஷன்ஸைத் திறந்து, ஆஃப்லைன் ஸ்கேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுமையாக இயங்குவதற்கு முன்பே சோதனை நடக்கும். சுமார் 15 நிமிடங்கள் ஆகும். இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் தன்னை மறைத்துக்கொள்ளும் தீநிரல்கள் அந்த நிலையில் இயங்காமல் இருப்பதால் பிடிபடுகின்றன.

அதே பகுதியில் எக்ஸ்குளூஷன்ஸ் என்ற விலக்குப் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். சி டிரைவ் முழுவதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டு, ஆன்டிவைரஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் கண்ணில் படாமல் இருக்கும் தீநிரல்கள் உண்டு. நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருந்தால் நீக்கிவிட்டு மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள். வீட்டுக் கணினியில், இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற அறிவிப்பு தெரிந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதே. இரண்டாவது கருத்து வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரைப் பயன்படுத்தலாம். பதிவிறக்கிய 10 நாட்களில் அது காலாவதியாகும் என்பதால், பழைய பிரதியை வைத்துக்கொண்டு பயனில்லை. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன.

ஸ்கேன் முடிந்ததும் கோப்புகளைப் பிரதி எடுங்கள். ஏற்கெனவே பேக்கப் வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கை இந்தக் கணினியில் செருகவே கூடாது. காலியான வேறொரு டிஸ்க் வேண்டும். திறக்காத கோப்புகளையும் விட்டுவிடாமல் பிரதி எடுங்கள். மென்பொருள்களையும் அவற்றின் நிறுவல் கோப்புகளையும் மட்டும் எடுக்காதீர்கள். பிரதி எடுக்கும்போது டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று ஓசை வந்தாலோ, வேகம் திடீரென்று விழுந்து விழுந்து எழுந்தாலோ, வைரஸைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு டிஸ்க்கையும் கேபிளையும் சோதிக்க வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிப்பதால், கேபிளை மாற்றிப் பார்ப்பது வீண் வேலையாகாது.

கோப்புறைகள் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால்

நம்மூரில் அதிகம் காணப்படும் சிக்கல் இதுதான். ஒரு விண்ணப்பத்தை அச்செடுக்க நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ பேருந்து நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவைக் கொண்டு போகிறோம். நாள் முழுவதும் எத்தனையோ பேருடைய பென்டிரைவ்களைச் செருகி எடுக்கும் கணினி அது. வீட்டுக்கு வந்து திறந்தால் எல்லாக் கோப்புறைகளின் ஓரத்திலும் ஒரு சிறு அம்புக்குறி நிற்கிறது.

இந்தத் தீநிரல் உங்கள் கோப்புறைகளுக்கு மறைவு, சிஸ்டம் என்ற இரண்டு பண்புகளையும் ஏற்றிக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டு, அதே பெயர்களில் ஷார்ட்கட்டுகளை உண்டாக்கி வைக்கிறது. ஷார்ட்கட்டைச் சொடுக்கினால் முதலில் தீநிரலின் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகள் எழுதிய சிறு கோப்பு, இயங்கும். அதன் பிறகு உண்மையான கோப்புறையும் வழக்கம்போலத் திறக்கும். எல்லாம் சரியாகத் திறப்பதால் யாரும் சந்தேகிப்பதில்லை. பென்டிரைவைச் செருகியதுமே அதிலுள்ள நிரல் தானாக இயங்கும் ஆட்டோரன் வசதியை 2011இல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் முடக்கிவிட்டதால், இவ்வகைத் தீநிரல்கள் நம் சொடுக்கையே நம்பியிருக்கின்றன. எனவே அந்த ஷார்ட்கட்டுகளில் எதையும் திறந்து பார்க்கக் கூடாது.

பென்டிரைவின் மீது வலது சொடுக்குச் செய்து ப்ராப்பர்டீஸைப் பாருங்கள். உள்ளே ஒன்றுமில்லாதது போலத் தெரிந்தாலும், பயன்பாட்டில் உள்ள இடம் பல ஜிபி என்று காட்டினால் உங்கள் கோப்புகள் அங்கேயே பத்திரமாக இருக்கின்றன. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைப்பைத் தேர்வு செய்வதுடன், பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் அமைப்பையும் நீக்க வேண்டும். இந்த இரண்டாவதைத் தவறவிடுபவர்கள்தான் கோப்புகள் போய்விட்டன என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சில வேளைகளில் எல்லாக் கோப்புகளும் பெயரே இல்லாதது போலத் தோன்றும் ஒரு கோப்புறைக்குள் நகர்த்தப்பட்டிருக்கும். அதன் பெயர் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி எழுத்து.

கோப்புறைகள் மங்கலாகத் தெரியத் தொடங்கியதும், ப்ராப்பர்டீஸில் ஹிட்டன் என்ற கட்டத்திலுள்ள குறியை எடுத்துவிடலாம் என்று போனால் அந்தக் கட்டம் சொடுக்குக்கு அசையாது. சிஸ்டம் பண்பும் சேர்ந்திருப்பதே அதற்குக் காரணம். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளைச் சாளரத்தில் ஒரு கட்டளையைக் கொடுத்தே இதை நீக்க முடியும். அட்ரிபியூட் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஆறு எழுத்துகளைத் தட்டச்சு செய்து இடைவெளி விடுங்கள். பிறகு கழித்தல் குறியுடன் எச், கழித்தல் குறியுடன் ஆர், கழித்தல் குறியுடன் எஸ், முன்சாய்கோட்டுடன் எஸ், முன்சாய்கோட்டுடன் டி ஆகியவற்றை ஒவ்வொன்றுக்கும் இடையில் இடைவெளி விட்டு எழுதுங்கள். கடைசியாக ஓர் இடைவெளி விட்டு, பென்டிரைவுக்குரிய டிரைவ் எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம் என்பவற்றை இடைவெளியின்றி எழுதி என்டரைத் தட்டுங்கள். டிரைவ் எழுத்தை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் மறைந்திருக்க வேண்டிய கோப்புகளும் உள்ளன. அங்கே இந்தக் கட்டளையைச் செலுத்தக் கூடாது.

கோப்புறைகள் பழைய நிலைக்கு வந்ததும் ஷார்ட்கட்டுகளையும், நீங்கள் வைக்காத ஸ்கிரிப்ட் கோப்புகளையும் அழித்துவிட்டுப் பென்டிரைவைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். ஷார்ட்கட்டுகள் திரும்ப முளைத்தால் நோய் கணினியில்தான் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியிலும், டாஸ்க் ஷெட்யூலரிலும், ஸ்டார்ட்அப் கோப்புறையிலும் அறிமுகமில்லாத பதிவுகளைத் தேடுங்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலுள்ள ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும், ஸ்கிரிப்ட் கோப்பைக் காணவில்லை என்ற அறிவிப்பு வருகிறதென்றால் அஞ்ச வேண்டாம். தீநிரல் போய்விட்டது, அதை அழைக்கும் பதிவு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பதே அதன் பொருள். கோப்பு இல்லாத அத்தகைய பதிவுகளை ஆட்டோரன்ஸ் மஞ்சள் நிறத்தில் காட்டும். அந்த ஒன்றை மட்டும் நீக்கினால் போதும்.

இந்த வேலைக்கு, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் இன்னும் பாதுகாப்பானது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஸ்கிரிப்ட் அங்கே இயங்காது. விண்டோஸின் மறைவுப் பண்பையும் லினக்ஸ் பொருட்படுத்தாது என்பதால் எல்லாக் கோப்புகளும் வெளிப்படையாகத் தெரியும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பரணில் கிடக்கும் அந்த மடிக்கணினி இன்னும் இயங்குமானால் சந்தேகத்துக்குரிய பென்டிரைவை முதலில் அதில் செருகிப் பாருங்கள். இல்லையென்றால் நல்ல கணினி ஒன்றில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டைத் தனிப் பென்டிரைவில் ஏற்றி, உங்கள் கணினியை அதிலிருந்து தொடங்கலாம். அதற்கு முன் விண்டோஸை அணைக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால், விண்டோஸை வேகமாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி காரணமாக டிரைவ் அரைத்தூக்கத்தில் இருக்கும். லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும்.

அழிக்க முடியாத கோப்புகள்

ஒரு கோப்பு அழிய மறுப்பதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு. ஏதோ ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கலாம். அதன் உரிமை உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். அதன் பெயரே விண்டோஸுக்கு ஒவ்வாததாக இருக்கலாம். விண்டோஸ் காட்டும் அறிவிப்பை முழுமையாகப் படித்தால் எந்தக் காரணம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பயன்பாட்டில் உள்ளது என்று அறிவிப்பு வந்தால், ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து சிபியு பகுதியில் அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற தேடல் பெட்டியில் கோப்பின் பெயரைக் கொடுங்கள். அதைப் பிடித்து வைத்திருக்கும் நிரல் தெரியும். அதை நிறுத்திவிட்டு அழிக்கலாம். நிறுத்தியவுடன் மீண்டும் எழுந்து வந்தால், அத்தியாவசிய நிரல்களோடு மட்டும் விண்டோஸ் இயங்கும் சேஃப் மோடுக்குப் போக வேண்டும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்ற வழியில் சென்று மறுதொடக்கம் செய்தபின் 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோட் வரும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதி உள்ள கணினியில் இடையிலேயே 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். எனவே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று முன்பே பார்த்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி இல்லை என்ற அறிவிப்புக்கு, கோப்புறையின் ப்ராப்பர்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று சென்று உரிமையாளரை உங்கள் பயனர் பெயருக்கு மாற்றி, உள்ளிருக்கும் கோப்புறைகளுக்கும் அது பொருந்தும்படி குறியிட வேண்டும். பிறகு அதே இடத்தில் முழு அனுமதியையும் கொடுங்கள். பழுதான கணினியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டும்போதும் இதே மறுப்பு வரும். பழைய கணினியின் பயனரைப் புதிய கணினி அறியாது என்பதுதான் அங்கே காரணம், வைரஸ் அல்ல. இந்த மாற்றத்தை உங்கள் சொந்தக் கோப்புறைகளில் மட்டும் செய்யுங்கள். விண்டோஸ், ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஆகிய கோப்புறைகளின் உரிமையை மாற்றினால், இருக்கும் சிக்கலோடு புதிய சிக்கல்கள் சேரும்.

மூன்றாவது காரணம் அரிது. கான், ஆக்ஸ், நல் என்று விண்டோஸ் தனக்காக ஒதுக்கிய பெயர்களிலோ, புள்ளியிலோ இடைவெளியிலோ முடியும் பெயர்களிலோ உள்ள கோப்புகளைச் சாதாரணமாக அழிக்க முடியாது. லினக்ஸில் தொடங்கிய கணினியில் அவை சிரமமின்றி அழியும்.

பெயரே மாறி, எதிலும் திறக்காத கோப்புகள்

எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னும் புதிதாக ஒரு சொல் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு கோப்புறையிலும் பணம் கேட்கும் குறிப்பு இருந்தால் அது ரான்சம்வேர். பெயரைப் பழையபடி மாற்றுவதால் பயனில்லை. உள்ளடக்கமே குறியாக்கம் செய்யப்பட்டு, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு, இருக்கிறது. பணம் கொடுக்காதீர்கள் என்றே நான் சொல்வேன். கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

பணம் கேட்கும் குறிப்பையும் ஒரு மாதிரிக் கோப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஐடி ரான்சம்வேர் தளத்தில் எந்த வகை என்று கண்டறியுங்கள். 2016 ஜூலையில் நெதர்லாந்து காவல்துறையும் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் பல வகைகளுக்கான விடுவிப்புக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டுக் கணினிகளைப் பெரிதும் தாக்கிய வகை ஸ்டாப் டிஜேவியு. கட்டண மென்பொருளை இலவசமாக்கித் தருவதாகச் சொல்லும் கிராக், ஆக்டிவேட்டர் கோப்புகளின் வழியாகவே இது அதிகம் பரவியது. தாக்கும் நேரத்தில் அதன் சர்வரோடு தொடர்பு கிடைக்காமல் போனால் பலருக்கும் பொதுவான ஆஃப்லைன் சாவியைப் பயன்படுத்தும். அந்தச் சாவி கண்டறியப்பட்ட வகைகளுக்கு எம்சிசாஃப்டின் கருவி கோப்புகளை விடுவித்துக் கொடுக்கும்.

இந்த வகையில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. வேலையை வேகமாக முடிக்க வேண்டும் என்பதற்காக அது ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்தில் சுமார் 150 கேபி அளவை மட்டுமே குறியாக்கம் செய்கிறது. சிறிய ஆவணமும் புகைப்படமும் அதிலேயே முடங்கிவிடும். பல ஜிபி அளவுள்ள கல்யாண வீடியோவில் மிச்சப் பகுதி சேதமின்றி இருக்கும் என்பதால், அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் மீடியா ரிப்பேர் என்ற இலவசக் கருவி பலவற்றை ஓடும் நிலைக்குக் கொண்டு வரும். அதற்கு முன்பு, வீடியோ எடுத்த ஸ்டூடியோவில் மூலக் கோப்பு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிய மின்னஞ்சல், கைப்பேசியின் கூகுள் போட்டோஸ், ஒன்டிரைவ் ஆகியவற்றிலும் தேடுங்கள். எதுவும் கைகூடாவிட்டால் குறியாக்கம் செய்யப்பட்ட கோப்புகளை ஒரு டிஸ்க்கில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். டெஸ்லாகிரிப்ட் என்ற ரான்சம்வேரை உருவாக்கியவர்களே 2016 மே மாதம் எல்லோருடைய கோப்புகளையும் திறக்கும் முதன்மைச் சாவியை வெளியிட்டார்கள். அதுவரை கோப்புகளைக் காத்து வைத்திருந்தவர்கள் மீட்டுக்கொண்டார்கள். இதற்கிடையே வங்கிக் கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

டிஸ்க் பழுதும் விண்டோஸின் சேதமும்

கோப்பு சிதைந்துள்ளது, படிக்க இயலவில்லை என்று விண்டோஸ் சொன்னால் டிஸ்க்கிலுள்ள பிழைகளைத் தேடித் திருத்தும் செக்டிஸ்க் சோதனை தேவை. பிரதி எடுத்த பிறகே அதைச் செய்ய வேண்டும். சிதைந்த துண்டுகளைப் பெயரில்லாத கோப்புகளாக மாற்றி வேறு கோப்புறையில் குவித்துவிடும் பழக்கம் அதற்கு உண்டு. பெரிய டிஸ்க்கில் இது மணிக்கணக்கில் ஓடும். இடவப்பாதி மழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், இடி மின்னல் உள்ள நாளில் யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் நல்ல கோப்புகளும் சேதப்படலாம். விண்டோஸின் சொந்தக் கோப்புகளுக்கு, அவற்றைச் சரிசெய்யும் இரண்டு கட்டளைகளை, முதலில் டிஸ்ம் கருவியின் ரீஸ்டோர்ஹெல்த், அதன் பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற வரிசையில் கொடுப்பது நல்லது. முதலாவதுக்கு இணையம் வேண்டும்.

சாலிட்டி, விரூட், ராம்நிட் போன்ற வகைகள் மென்பொருள் கோப்புகளுக்குள்ளேயே தம்மை எழுதிவிடுகின்றன. ஆன்டிவைரஸ் அவற்றைச் சுத்தம் செய்தாலும் அந்த மென்பொருள்கள் பெரும்பாலும் ஒழுங்காக இயங்குவதில்லை. இவை இருந்தாலும், ஆஃப்லைன் ஸ்கேனுக்குப் பிறகும் தீநிரல் திரும்பத் திரும்ப வந்தாலும், பிரதியைச் சரிபார்த்துவிட்டு ஃபார்மட் செய்து புதிதாக நிறுவுவதே சரி. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், கணினியின் தகுதி அனுமதித்தால் விண்டோஸ் 11ஐ நிறுவுங்கள். அனுமதிக்காவிட்டால் லினக்ஸைப் பற்றி யோசிக்கலாம். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் திருடப்பட்டிருக்கும் என்றே கொண்டு, மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

புதிய விண்டோஸில் பழைய தமிழ் ஆவணங்களைத் திறந்ததும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த வரிகள் தெரிந்தால், வைரஸ் அவற்றையும் கெடுத்துவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் தோன்றும். எழுத்துருவை நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் மறுபடி வராது.

பிரதி எடுத்த டிஸ்க்கை உடனே வேறு வேலைக்கு எடுக்காமல் ஓராண்டாவது ஒதுக்கி வையுங்கள். வருமான வரிக் கணக்கு, விசா புதுப்பிப்பு, பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை என்று ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே திறக்கும் கோப்புகளில் உள்ள பழுது அப்போதுதான் கண்ணில் படும்.